சண்டே ஸ்கூல் பாலம் படம், ஒரு ஹெல்ப் வேணும்
ஸ்தோத்திரம். மும்பை தாராவில தமிழ் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன், எட்டு பத்து வயசு பசங்க. ரெண்டு மலை, ஒண்ணுல நாம, இன்னொண்ணுல தேவன், நடுவுல பள்ளம், சிலுவைதான் பாலம்னு போர்டுல வரைஞ்சா ஒருத்தன் "பாலம் சும்மாதானே நிக்கும், நாமதானே நடக்கணும், அப்போ இயேசு நம்மகிட்ட வரலையா?"ங்கிறான். இன்னொருத்தி, சீ லிங்க்ல (மும்பை கடல் பாலம்) நடக்கவே விடமாட்டாங்க டீச்சர், டோல் வேறங்கிறா (டோலை இயேசு கட்டிட்டார்னு சமாளிச்சாச்சு).

1 தீமோத்தேயு 2:5, தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவுல இயேசுதான் மத்தியஸ்தர்ங்கிற வசனம் சொன்னேன், புரியல. ஆதியாகமம் 28ல யாக்கோபு பாத்த ஏணி, அதையே யோவான் 1:51ல இயேசு தன்னை வெச்சு பேசுறதும் சொன்னேன், அந்தப் பையன் "அதுல தூதருங்கதானே ஏறி இறங்குறாங்க"ன்னுட்டான். 14ஆம் நூற்றாண்டு இத்தாலி புனிதர் சியன்னா கத்தரீன் கிறிஸ்துவை பாலமாவே எழுதியிருக்காங்க, பாதம் விலா வாய்னு மூணு படி, அது பெரியவங்களுக்கே கஷ்டம்.

வர்ற ஞாயிறு கிளாஸ். பாலத்தை விடாம, தேவன்தான் முதல்ல வந்தார்னு காட்ட நீங்க எந்த வசனம், எந்த படம் யூஸ் பண்ணுவீங்க?