மரக்கட்டை வீட்டின் வெளிச்சுவர்: கழுவின மறுநாளே ஸ்டெயின் அடிக்கலாமா?

கேள்வி:
பைன் கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு. வெயில் பக்கம் சாம்பல் பூத்து, பழைய ஸ்டெயின் (மரத்தில் ஊறி நிறம் தரும் பூச்சு) செதில் செதிலாக உரிகிறது. நிழல் பக்கம் கறுப்புத் திட்டுகள். ஆணித் தலைகளிலிருந்தும் கறுப்பு வழிந்திருக்கிறது. ப்ளீச் ஊற்றி, பிரஷர் வாஷரால் அடித்துக் கழுவி, மறுநாளே ஸ்டெயின் அடித்துவிடலாமா?

உளிமுனை:
கூடாது. முதலில் அந்தக் கறுப்பு என்னவென்று பாருங்கள். ஒரு சொட்டு ப்ளீச் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை. அப்படியே இருந்தால் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினும் ஆணியின் இரும்பும் சேர்ந்த கறை. ப்ளீச்சின் வேலை இதோடு சரி; சுவர் முழுக்க ஊற்றினால் மரநார் பஞ்சாகும், ஆணியும் துருப்பிடிக்கும்.

பூஞ்சைக்கும் சாம்பலுக்கும் சோடியம் பெர்கார்பனேட் (தண்ணீரில் ஆக்சிஜன் விடும் வெளுப்புத்தூள்). லிட்டர் வெந்நீருக்கு 60–80 கிராம். கீழிருந்து மேலே பூசிக்கொண்டு போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் காய்ந்த கட்டையில் கரைசல் வழிந்து கோடு விழும், லேசில் போகாது. 10–15 நிமிடம் காயவிடாமல் வைத்து, நைலான் பிரஷ்ஷால் நார் ஓட்டத்தில் தேய்த்து, மேலிருந்து அலசுங்கள். மிச்சத்தை மூடி வைக்காதீர்கள். ஆக்சிஜன் கிளம்பி டப்பா வெடிக்கும்.

அடுத்து ஆக்ஸாலிக் ஆசிட், லிட்டருக்கு 100 கிராம். ஆணிக் கறையை இதுதான் எடுக்கும்; பெர்கார்பனேட்டின் காரம் பட்டுக் கறுத்த மரத்தையும் தெளியவைக்கும். விஷம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். ப்ளீச் வைத்த இடத்தை முன்பே நன்றாக அலசிவிடுங்கள், இல்லையென்றால் குளோரின் வாயு வரும்.

வரிமரம்:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு: உரிகிற ஸ்டெயின் பெர்கார்பனேட்டுக்கு மசியாது. 60–80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்கணும். அதைவிட நைசாகப் போனால் புது ஸ்டெயின் உள்ளே இறங்காது.

பிரஷர் வாஷர் அலசுவதற்கு மட்டும். 40 டிகிரிக்கு விரித்து அடிக்கும் நாசில், 1000 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குள், ஓர் அடி தள்ளி. கிட்டே பிடித்தால் மரத்தின் மெத்தென்ற ஆண்டு வளையங்கள் குழிந்து, கெட்டி வளையங்கள் வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். கட்டைச் சந்துக்குள் நேராக அடிக்கவே கூடாது.

கேட்டவர்:
நன்றி. அடிக்கட்டையில் குத்தினால் ஸ்க்ரூடிரைவர் அரை அங்குலம் இறங்குகிறது. மேல் கட்டைகளில் விரல் நுழையுமளவு வெடிப்புகளும் உண்டு.

உளிமுனை:
இறங்குகிற இடம் இற்றுவிட்டது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கட்டை 'டங்'கென்று கேட்கும், இற்றது 'பொத்'தென்று. கெட்டி மரம் வரும்வரை உளியால் எடுத்து, இற்றுப்போவதைத் தடுக்கும் போரேட் உப்புக் கரைசல் பூசுங்கள். வெறும் மரத்தில்தான் அது ஊறும், ஸ்டெயினுக்கு மேல் பூசுவது வீண். அடிக்கட்டை மட்டும் இற்றிருந்தால், கூரைநீர் தரையில் விழுந்து தெறிக்கிறதா என்று பாருங்கள். அதை நிறுத்தாமல் கட்டையை மாற்றிப் பயனில்லை.

வானம் பார்த்த வெடிப்பு 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மழைநீர் தங்கும். பேக்கர் ராட் (நுரைக் கயிறு) திணித்து, அதன்மேல் சீலன்ட் (ரப்பர் மாதிரி இழுபடும் அடைப்புப் பசை). ராட் இல்லாவிட்டால் சீலன்ட் அடியிலும் ஒட்டிக்கொண்டு, கட்டை சுருங்கி விரியும்போது கிழியும். தரை பார்த்த வெடிப்புகளை அப்படியே விடுங்கள், நீர் வடியட்டும்.

வரிமரம்:
ஸ்டெயினுக்கு நாள் கணக்கு கிடையாது. மரத்தின் ஈரத்தை அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் நிழல் பக்கத்திலும் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டணும். வெயில் நேராக விழாத நேரத்தில் அடித்து, ஸ்டெயின் காயுமுன் பிரஷ்ஷால் உள்ளே தேயுங்கள். மூலையில் நீட்டிய கட்டை முனைகள் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அங்கே மட்டும் இன்னும் ஒரு கை.