அம்மாவுக்குக் குலுக்காத சஸ்பென்ஷன்: கும்பகோணம் ரோட்டுக்கு எது சரி?

கேள்வி (கும்பகோணம்):
அம்மாவுக்கு முதுகுத்தண்டில் வலி. மாதம் இரண்டு முறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். பின்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேல்பிடியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்கிறார், பார்க்கவே முடியவில்லை. 70,000 கிலோமீட்டர் ஓடிய ஹேட்ச்பேக். மெத்தென்ற ஸ்பிரிங் போடலாமா, வண்டியையே மாற்றிவிடலாமா?

பதில் (மயிலாடுதுறை):
ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள் அண்ணே. நாலு பேர் ஏறியதும் வண்டி தாழ்ந்து வேகத்தடையில் அடி தட்டும். இவ்வளவு ஓடிய வண்டியில் முதலில் ஷாக் அப்சார்பரைத்தான் பார்க்க வேண்டும். பானட் மூலையை அழுத்தி விடுங்கள், ஒரு தடவை எழும்பி நின்றால் சரி, இரண்டு மூன்று தடவை ஆடினால் போய்விட்டது என்று அர்த்தம். மாற்றினால் இடது வலது ஜோடியாகவே மாற்றுங்கள். அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையில் இருக்கும் ரப்பர், அதையும் பாருங்கள். என் வண்டியில் ஷாக்கை மாற்றியும் டக் டக் சத்தம் போகவில்லை, கழற்றிப் பார்த்தால் அந்த ரப்பர் வெடித்து வாயைப் பிளந்து கிடந்தது.

பதில் (திருவாரூர்):
அதற்கும் முன்னால் டயர் காற்று. ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் சூடாகாதபோது வையுங்கள். பெரிய அலாய் வீல் இருந்தால் கழற்றிவிடுங்கள், பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர் அடியை அப்படியே உள்ளே அனுப்பும். அம்மாவை முன்சீட்டுக்கு மாற்றுங்கள், பின்சீட் பின்சக்கரத்தை ஒட்டி இருப்பதால் அங்கேதான் தூக்கிப் போடும்.

கேட்டவர்:
16 இஞ்ச் அலாய்தான் போட்டிருக்கிறேன், கம்பெனி சக்கரம் 14. பழையது கொட்டகையில் கிடக்கிறது, நாளைக்கே மாட்டுகிறேன்.