சித்தி பாத்திரத்தை வில்லியாகவும் ஆக்காமல் தியாகியாகவும் ஆக்காமல் எழுதுவது எப்படி?

அகல்விளக்கு (கேள்வி)

25 நிமிடக் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறேன். களம் திருவண்ணாமலை பக்கம் ஒரு சிற்றூர். அம்மாவை இழந்த எட்டு வயதுப் பெண் தாரணி, அப்பா குமரன், அப்பாவைப் பெற்ற பாட்டி. ஒன்றரை வருடம் கழித்து அப்பா செல்வியை மணந்துகொள்கிறார். செல்விக்கு இது முதல் திருமணம்.

இரண்டு வரைவு முடிந்துவிட்டது. முதலாவதில் செல்வி சோற்றில் கஞ்சத்தனம் பார்க்கும் கொடுமைக்காரி. இரண்டாவதில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, கடைசியில் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு இரவெல்லாம் கண்விழித்து "அம்மா" என்ற சொல்லைச் சம்பாதிக்கிறாள். இரண்டுமே நூறு தடவை பார்த்த படம் மாதிரி இருக்கிறது. நம் கதைகள் ஏன் இந்த இரண்டு அச்சிலேயே வார்க்கப்படுகின்றன? வேறு எங்கிருந்து தொடங்கலாம்? சொத்து, காப்பாளர் விஷயத்தில் சட்டப் பிழை வந்துவிடக் கூடாது என்பதால் அதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடும்எழுத்தும்

அச்சு எங்கே வார்க்கப்பட்டது என்று பார்த்தால் வழி கிடைக்கும். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் முதலில் அச்சிட்ட தொகுப்பில், ஹான்சலையும் கிரேத்தலையும் காட்டில் விடச் சொல்பவள் பெற்ற தாய். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவளும் பெற்ற தாய்தான். 1819 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டின் தாய் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். ஹான்சல் கதையில் அந்த மாற்றம் 1840 பதிப்பில் வந்தது. பெற்றவள் இப்படிச் செய்வாள் என்பதை வீட்டில் படிக்கும் புத்தகத்தில் வைக்க மனம் வராமல், பழியை இன்னொருத்தி தலையில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கதைகளில் அப்பா எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். ஹான்சலின் அப்பா குழந்தைகளைக் காட்டில் விடச் சம்மதிக்கிறார், கூடவே போகிறார். கடைசியில் மாற்றாந்தாய் செத்துப்போகிறாள், அப்பாவைக் குழந்தைகள் கட்டிக்கொள்கிறார்கள். கிரிம்மின் சின்ட்ரெல்லாவில் அப்பா உயிரோடுதான் இருக்கிறார். வேறு பெண் இருக்கிறாளா என்று இளவரசன் கேட்டால், இறந்த மனைவி விட்டுப்போன ஓர் அடுப்படிப் பெண் இருக்கிறாள் என்று அலட்சியமாகச் சொல்கிறார். 1950 டிஸ்னி படம் அப்பாவை ஆரம்பத்திலேயே இறக்கவைத்து அந்தக் கேள்வியையே எழாமல் செய்துவிட்டது.

நம் பக்கமும் அதேதான். துருவன் கதையில் குழந்தையை அப்பா மடியில் ஏறவிடாமல் சிற்றன்னை சுருசி தடுக்கிறாள். அப்பாவான அரசன் உத்தானபாதன் வாய் திறப்பதில்லை. சுருசியின் சொல் நமக்கு நினைவிருக்கிறது, அரசனின் மௌனம் நினைவில்லை.

கம்பனைப் படிக்காமல் இந்தப் படத்தை எழுதாதீர்கள். மந்தரை வந்து ஓதும்போது கைகேயியின் முதல் பதில், "இராமனைப் பயந்த எற்கு இடர் உண்டோ?" என்பது. பெறாதவள் "பயந்த" என்கிறாள். முடிசூட்டுச் செய்தி கேட்டு மாலை பரிசளிக்கிறாள். சூழ்ச்சி முடிந்த பிறகு, அது தெரியாத ஊரார், "தாய் கையில் வளர்ந்திலன், வளர்த்தது தவத்தால் கேகயன் மடந்தை" என்று சொல்லி, அவளுக்கு இன்று எவ்வளவு மகிழ்ச்சி இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். நெஞ்சைப் பிசையும் இடம் அது. பாசம் உண்மை, செய்த கேடும் உண்மை, இரண்டும் ஒரே பெண்ணிடம் இருக்கின்றன. வால்மீகியில் இன்னொன்று உண்டு: உன் தாயை மணக்கும்போதே உன் தாத்தாவுக்கு நம் தந்தை நாட்டை வாக்களித்திருந்தார் என்று இராமனே பரதனிடம் சொல்கிறான். முடிச்சைப் போட்டவர் தசரதர்.

ஆகவே செல்வியை எப்படி எழுதுவது என்று கேட்பதற்கு முன்னால் குமரனை எழுதுங்கள். மகளிடம் என்ன சொல்லி மணந்தார்? செல்வியிடம் என்ன சொல்லி அழைத்துவந்தார்? "குழந்தையைப் பார்த்துக்க ஆள் வேணும்" என்று ஒருத்தியிடமும், "உனக்குப் புது அம்மா வரப்போறாங்க" என்று இன்னொருத்தியிடமும் சொல்லியிருந்தால் உங்கள் கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

டூரிங்டாக்கீஸ்

தமிழ்ப் படங்களின் கணக்கைச் சொல்கிறேன். "பெண்ணின் பெருமை" (1956), "எங்க சின்ன ராசா" (1987) இரண்டிலும் சித்தி ஆளும் வீட்டில் மூத்தாள் மகன் உலகம் தெரியாதவனாக வளர்கிறான், வரும் மருமகள் அவனை மீட்கிறாள். இந்த வார்ப்பு மொழி மொழியாகப் போனது. "எங்க சின்ன ராசா"தான் இந்தியில் 1992இல் "பேட்டா" ஆனது. எதிர்முனையில் கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் "சித்தி" (1966). வை.மு.கோதைநாயகி அம்மாளின் நாவலைத் தழுவியது. தம்பியின் படிப்புக்காகத் தன் ஆசையைக் கைவிட்டு, பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கு வயதானவரின் இரண்டாம் தாரமாகப் போகிறாள் பத்மினி. "காலமிது காலமிது கண்ணுறங்கு மகளே" அந்தப் படத்துப் பாட்டு. உங்கள் இரண்டு வரைவுகளும் இந்த இரண்டு மரபின் பேரப்பிள்ளைகள்.

மூன்றாவது வழியை வசந்த்தின் "கேளடி கண்மணி" (1990) காட்டியது. அங்கே சித்தியாக வேண்டியவள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே சிக்கல் வந்துவிடுகிறது. அப்பாவைப் பங்குபோட மறுக்கும் மகளால் திருமணமே நின்றுபோகிறது. மகளை யாரும் கெட்டவளாகக் காட்டவில்லை, அப்பா மணக்கவிருந்த சாரதாவையும் காட்டவில்லை. யாருமே கெட்டவர் இல்லாமல் ஒரு வீடு உடைய முடியும் என்று ஒரு வணிகப் படம் சொன்னது பெரிய விஷயம்.

ஒன்று உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். "என்னை அறிந்தால்" (2015) படத்தில் தான் மணக்கவிருந்தவளின் மகளை அஜித் வளர்க்கிறார். அரங்கமே கண்கலங்குகிறது. அதையே ஒரு பெண் செய்தால் நாம் முதல் காட்சியிலிருந்தே சந்தேகத்தோடு பார்க்கிறோம். மாநிலத்துக்கு நிதி குறைந்தால் நாளிதழ் "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்று தலைப்பிடுகிறது. பார்வையாளர் அந்தச் சந்தேகத்தோடுதான் வந்து உட்காருவார். அதை முதல் மூன்று நிமிடத்தில் பயன்படுத்துங்கள். செல்வி பீரோவைத் திறக்கட்டும், மூத்தாள் புடவைகளை வெளியே எடுக்கட்டும். அந்துருண்டை மாற்றி, மடிப்பு மாற்றி, திரும்ப வைக்கிறாள் என்பது பிறகு தெரியட்டும்.

சொல்வழி

உரையாடல் பற்றி மட்டும் எழுதுகிறேன், இந்தப் படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

"சித்தி" என்பது நம்மிடம் மூன்று பேருக்குப் போகும் சொல்: அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி, அப்பாவின் இரண்டாம் தாரம். மனைவி இறந்தால் அவள் தங்கையையே கட்டிவைக்கும் வழக்கம் இருந்ததால் முதலாவதும் மூன்றாவதும் பல வீடுகளில் ஒரே ஆள். குழந்தை புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை, ஏற்கெனவே கூப்பிட்ட பெயரிலேயே கூப்பிடும். உங்கள் செல்வி அயலாள். "சித்தின்னு கூப்பிடு" என்று யார் சொல்கிறார் என்பதே ஒரு காட்சி. பாட்டி சொன்னால் அது ஏற்பாடு. அப்பா சொன்னால் அது கட்டளை. செல்வியே சொன்னால் அது கெஞ்சல்.

அந்த வயதுக் குழந்தை பெரும்பாலும் எந்தப் பெயரும் சொல்லாமல் தப்பிக்கப் பார்க்கும். தமிழ் அதற்கு இடம் கொடுக்கிறது. "இந்தாங்க", "டைரில கையெழுத்து", "அப்பா கூப்பிட்டாங்க" என்று விளியே இல்லாமல் மாதக்கணக்கில் பேசலாம். மூன்றாம் ஆளிடம் "அவங்க" போதும். பாதிப் படம்வரை தாரணி அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே எழுதிப் பாருங்கள்.

உங்கள் "அம்மா" உச்சக்காட்சியைத் தூக்கிவிட்டு, "நீங்க" என்பது "நீ" ஆகும் இடத்தை வையுங்கள். வட மாவட்டங்களில் பெற்ற அம்மாவைக் குழந்தைகள் பெரும்பாலும் "நீ, வா, போ" என்பார்கள். மரியாதை என்பது அங்கே தூரம். கோபத்தில் "நீ ஏன் என் பையைத் தொட்ட?" என்று முதல் தடவையாக ஒருமையில் கத்தினால், பாட்டி திட்டுவாள், செல்வி மட்டும் அது நெருக்கம் என்று புரிந்துகொள்வாள். களத்தைக் கொங்குப் பக்கம் மாற்றினால் இது எடுபடாது. அங்கே பல வீடுகளில் பெற்றவளையே "வாங்க" என்பார்கள்.

படிக்கட்டு

சட்டம். கீழே உள்ளது இந்துக் குடும்பத்துக்கு. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பம் என்றால் சட்டம் வேறு.

காப்பாளர்: 1956 இந்து இளவர் (18 வயது நிறையாதவர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தாய் தந்தை என்ற சொல்லில் மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும் அடங்கமாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சோறு போட்டு, தலை பின்னி, பத்து வருடம் வளர்த்தாலும் செல்வி இயற்கைக் காப்பாளர், அதாவது நீதிமன்றம் போகாமலே சட்டம் ஏற்கும் காப்பாளர், ஆவதில்லை. குமரன் இறந்தால், அவர் உயிலில் செல்வியைக் காப்பாளராக நியமித்திருந்தால் ஒழிய, நீதிமன்றம் போக வேண்டும். அம்மா வழித் தாத்தா பாட்டியும் அங்கே மனு போடலாம். முறைப்படி தத்தெடுத்தால் நிலைமை மாறும். மாற்றுப் பெற்றோர் தத்தெடுக்கத் தத்தெடுப்பு விதிமுறைகளில் தனி வழி இருக்கிறது.

சொத்து: பல திரைக்கதைகள் வழுக்குவது இங்கேதான். வீடு தாரணியின் அம்மா பெயரில் இருந்து, அவர் உயில் இல்லாமல் இறந்திருந்தால், அது கணவருக்கும் மகளுக்கும் சரிபாதி. தாரணியின் பாதியில் செல்விக்கு எதுவும் இல்லை. இளவரின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் குமரனே விற்க முடியாது. எனவே "சித்தி கையெழுத்து வாங்கி வீட்டை எழுதிக்கொண்டாள்" என்ற காட்சி நிற்காது. அம்மாவின் நகைக்கும் அதே பங்கு. செல்வியின் கழுத்தில் அந்தச் சங்கிலியைப் போட்டுவிடும் குமரன், பாதி மகளுடையதை எடுத்துக் கொடுக்கிறார்.

குமரன் உயிலின்றி இறந்தால் அவர் சொத்து செல்வி, தாரணி, குமரனின் தாய், செல்விக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. பாட்டிக்கும் பங்கு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, என்னைப் பொறுத்தவரை இதுவே மிக அழகானது. பிள்ளையில்லாத மாற்றாந்தாயைப் பராமரிக்கும் கடமை மூத்தாள் பிள்ளைகளுக்கு உண்டு என்று 1956 இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் (பிரிவு 20) சொல்கிறது. 2007 மூத்த குடிமக்கள் சட்டமும் பெற்றோர் என்பதில் மாற்றாந்தாயைச் சேர்க்கிறது. குழந்தைமேல் அவளுக்கு உரிமை தராத சட்டம், வளர்ந்த குழந்தைமேல் கடமையை வைக்கிறது.

அகல்விளக்கு

எல்லோருக்கும் நன்றி. குமரன் பாத்திரத்தை முழுக்க மாற்றி எழுதப்போகிறேன். இறந்த அம்மாவின் படத்தைச் சுவரில் எங்கே வைப்பது என்பதில் குழப்பம். வழக்கமாக அந்தப் படத்தைப் பார்த்து யாராவது வசனம் பேசுவார்கள், அது வேண்டாம். கடைசிக் காட்சியும் இன்னும் கிடைக்கவில்லை.

சொல்வழி

திருவண்ணாமலை பக்கம் என்றால் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துப் படைக்கும் வழக்கம் அங்கே உண்டு. புதுப் புடவை, பூ, மஞ்சள், அவளுக்குப் பிடித்த பலகாரம் வைத்துக் கும்பிடுவார்கள். குமரன் வீட்டில் இந்த வருடம் படையல் சமைக்க வேண்டியவள் செல்வி. இறந்தவளுக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. குமரனைக் கேட்டால், "எல்லாம் பிடிக்கும்" என்கிறார். அத்தனை வருடம் கூட வாழ்ந்தும் கவனிக்கவில்லை. பாட்டி பொதுவாக வடை, பாயசம் என்கிறாள். சரியாகத் தெரிந்த ஒரே ஆள் தாரணி.

டூரிங்டாக்கீஸ்

இதுதான் காட்சி. தாரணி உடனே சொல்லிவிடக் கூடாது. அம்மாவைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்ததைக் கொடுத்தால் அம்மா குறைந்துபோவாள் என்று குழந்தைக்குத் தோன்றும். சித்தியைப் பிடித்துப்போனால் அம்மாவுக்குத் துரோகம் என்ற பயம்தான் இந்த உறவின் முள். வெறுப்பு என்று நாம் படமெடுப்பதில் பாதி அதுதான். முதலில் தவறான பலகாரத்தைச் சொல்லட்டும். செல்வி அதையே மெனக்கெட்டுச் செய்து இலையில் வைக்கட்டும். படையலுக்கு முன்னால் தாரணி அடுப்படிக்கு வந்து சரியானதைச் சொல்லட்டும். நேரம் குறைவு, இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். அதிரசம் வேண்டாம், மாவு முந்தைய நாளே தயாராக வேண்டும். கொழுக்கட்டை சரியாக வரும், சிறு கை உருட்டுவதற்கும் ஏற்றது. இந்தக் காட்சிக்கு 25இல் ஆறு நிமிடமாவது கொடுங்கள். பின்னணி இசை வேண்டாம், அடுப்புச் சத்தம் போதும்.

சுவர்ப்படத்துக்கு வசனம் தேவையில்லை. மாலையை யார் மாற்றுகிறார் என்பது மட்டும் போதும். தொடக்கத்தில் பாட்டி, நடுவில் காய்ந்த மாலை அப்படியே தொங்குகிறது, பிறகு ஸ்டூலைத் தாரணி பிடிக்கச் செல்வி ஏறுகிறாள்.

படப்பிடிப்புக்கு ஒன்று: சிறுமியும் செல்வியாக நடிப்பவரும் ஒத்திகையிலேயே ஒட்டிக்கொண்டால் ஆரம்பக் காட்சிகளில் அந்த விலகல் வராது, எட்டு வயதுக் குழந்தையிடம் அதை நடித்துக் கேட்கவும் முடியாது. ஒத்திகை அப்பா, பாட்டி, மகள் மூவரோடு மட்டும் நடக்கட்டும். காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுங்கள். கொழுக்கட்டைக் காட்சியைக் கடைசி நாளுக்கு வையுங்கள்.