வேன் சூடேறியதும் அணைந்துவிடுகிறது: இசிஎம் (எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி) மாற்றியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோவையில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காமன் ரெயில் டீசல். காலையில் குறையே இல்லை. முக்கால் மணி நேரம் ஓடிச் சூடேறியதும் பட்டென்று அணைந்துவிடுகிறது. அப்போது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் விளக்கு எரிவதில்லை. ஸ்கேனருக்கும் இசிஎம் பதில் தருவதில்லை. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஓடுகிறது. பதிவான கோளாறு கோடு பி0606, அதாவது இசிஎம் ப்ராசஸர் கோளாறு.

பேட்டரி 12.6 வோல்ட். மெயின் ரிலே புதிது. எர்த் கம்பியைச் சுரண்டி இறுக்கினேன். இசிஎம் கனெக்டரைக் கழற்றியபோது ஒரு பின்னில் பச்சைக் களிம்பு, துடைத்தும் மாற்றமில்லை. வண்டி நின்ற நேரத்தில் கனெக்டரில் சப்ளையும் எர்த்தும் சரியாகவே இருந்தன. அதனால் கோளாறு பெட்டிக்குள்தான் என்று நம்புகிறேன்.

பழைய இசிஎம் ஒன்றை வாங்கி மாட்டலாம் என்கிறார் மெக்கானிக். சாவியைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் கோடும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய கோடும் என் பெட்டியில் இருப்பதை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. என் பெட்டியின் தரவை அதில் அப்படியே ஏற்ற முடியுமா? அல்லது பெட்டிக்குள் இருக்கும் போர்டில் சால்டர் விட்டுப்போன இடத்தைச் சரிசெய்தால் அது நிலைக்குமா? இதை நம்பிக்கையாகச் செய்பவர் கோவை, திருப்பூர்ப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். நேற்று மாலை பதினோரு பிள்ளைகளுடன் அவிநாசி சாலை ஓரத்தில் நின்றேன். இன்னொரு முறை அப்படி நிற்க எனக்கு மனமில்லை.