லினக்ஸ் பூட் ஆகவில்லை, அவசர உதவி வேண்டும்

பினாங்கு_அச்சகம்: காலையில் கடைக் கணினியைத் திறந்தால் இனிட் இல்லை என்று சொல்லிக் கறுப்புத் திரையில் நிற்கிறது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் பேனர் கோப்பு அதில்தான். யாராவது சொல்லுங்கள்.

செந்தூல்வாசி: எந்த லினக்ஸ்? எந்தப் பதிப்பு? நேற்று எதையாவது மாற்றினீர்களா?

பாகான்_சிப்: டிஸ்க் போயிருக்கும். வேறொன்று மாட்டிப் பாருங்கள்.

பினாங்கு_அச்சகம்: டிஸ்க் புதுசு. டெபியன் 12. நேற்று தங்கை மகன் இடம் காலி பண்ண /பின், /எஸ்பின் என்ற இரண்டு நிரல் கோப்புறைகளையும் அழித்தான். அதே கோப்புகள் /யூஎஸ்ஆர் கோப்புறைக்குள்ளும் இருக்கின்றனவே?

மூத்த_ரூட்: அடிப்படை தெரியாதவர் கையில் ரூட் (முழு உரிமை உள்ள நிர்வாகி) கடவுச்சொல்லை ஏன் கொடுத்தீர்கள்? அவை நகல்கள் இல்லை, யூஎஸ்ஆரைக் காட்டும் சிம்லிங்க், அதாவது வெறும் குறுக்குவழி. அழித்தால் இடம் மிச்சமாகாது. ஆனால் பூட் ஆகும்போது, மற்ற எல்லாவற்றையும் தொடங்கும் முதல் நிரலான இனிட்டைத் தேடுவது /எஸ்பின்/இனிட் என்ற பாதையில். முன்போல் உண்மையான /பின் தனியாக இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

செந்தூல்வாசி: அதை அப்புறம் பேசலாம் அண்ணே. அச்சகத்தாரே, திரையில் அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று இருக்கிறதா? பூட் ஆகும்போது முதலில் நினைவகத்தில் ஓடும் சிறு தற்காலிக அமைப்பு அது. உங்கள் டிஸ்க் அங்கே /ரூட் என்ற இடத்தில் மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது இணைந்திருக்கும். முதலில் /ரூட்/யூஎஸ்ஆர்/பின்னில் கோப்புகள் இருக்கின்றனவா என்று எல்எஸ் (பட்டியலிடும் கட்டளை) போட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் எதையும் தொடாமல் இங்கே சொல்லுங்கள். இருந்தால் /ரூட்டை எழுதும் வகையில் ரீமவுண்ட் செய்து, எல்என் கட்டளையால் இரண்டு சிம்லிங்கையும் திரும்பப் போடுங்கள். இலக்கை யூஎஸ்ஆர்/பின், யூஎஸ்ஆர்/எஸ்பின் என்றே கொடுங்கள், முன்னால் சாய்கோடு வேண்டாம். லைப்ரரிகளுக்கான லிப், லிப்64 சிம்லிங்க்குகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்புறம் ரீபூட்.

பாகான்_சிப்: மூத்தவரே, /பின், /யூஎஸ்ஆர்/பின் என்ற அந்தப் பிரிவு வந்ததே யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் முதல் டிஸ்க் நிரம்பியதால்தான். பயனர் கோப்புகள் இருந்த இரண்டாவது டிஸ்க்கில், அதாவது யூஎஸ்ஆரில், மீதி நிரல்களையும் வைத்தார்கள். ஃபெடோரா லினக்ஸின் 17ஆம் பதிப்பு இரண்டையும் 2012லேயே சேர்த்துவிட்டது.

மூத்த_ரூட்: காரணம் எதுவாகவும் இருக்கட்டும், பயன் பெரியது. யூஎஸ்ஆர் மவுண்ட் ஆகாத நாளிலும் கட்டளை தட்டும் ஷெல், மவுண்ட், டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே மூன்றும் கையில் இருக்கும்.

செந்தூல்வாசி: இன்று அந்த வேலையை இனிட்ராம்எஃப்எஸ் செய்கிறது. அவர் டிஸ்க்கில் /பின் இல்லாமலே அந்தத் திரையில் பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பு ஓடுகிறதே.

பினாங்கு_அச்சகம்: வந்துவிட்டது! பேனர் இருக்கிறது. நன்றி அண்ணே, பிரிண்டுக்கு ஓடுகிறேன்.

மூத்த_ரூட்: இனிட்ராம்எஃப்எஸ்ஸே கெட்டுப்போனால்? ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் மீட்புக் கருவிகளை /ரெஸ்க்யூ என்று தனியாக வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரியை உள்ளேயே சேர்த்து, லிங்க் செய்தவை; லைப்ரரி கெட்டாலும் ஓடும்.

பாகான்_சிப்: அதற்கு யூஎஸ்பியிலிருந்தே பூட் ஆகும் ஒரு லைவ் டெபியன் போதும்.