அறிகுறியே இல்லாத இதயத் துடிப்புக் கோளாறு: அப்பாவுக்கு மாத்திரை அவசியமா?

கேள்வி (மாம்பலம்):
என் தந்தைக்கு வயது 72. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்பு தெரியவந்தது. படபடப்பு இல்லை, மூச்சிரைப்பு இல்லை, தினமும் நடேசன் பூங்காவில் நடக்கிறார். "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, ஆயுள் முழுக்க மாத்திரை எதற்கு?" என்கிறார். என்ன சொல்வது?

பதில் 1:
அறிகுறி இல்லாததால் ஆபத்து குறைந்துவிடாது என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் துடிதுடிக்கும்போது அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். ஆகவே மருத்துவர்கள் படபடப்பைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. வயது 65 முதல் 74 வரை என்றால் ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று என மதிப்பெண் இடுகிறார்கள். உங்கள் தந்தைக்கு 3 வருகிறது. ஆண்களுக்கு 2 வந்தாலே ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து பரிந்துரைக்கப்படுகிறது.

பதில் 2:
ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துக்கு ஆஸ்பிரின் மாற்றாகாது. எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை) கட்டாயம் எடுங்கள்: வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் உறைவைத் தடுக்கும் புதிய மருந்துகள் பொருந்தாது, பழைய மருந்தான வார்ஃபரின்தான் தேவைப்படும். சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்தே அளவு முடிவாகும். மூட்டுவலிக்குத் தாமாகக் கடையில் மாத்திரை வாங்குவதை அவர் நிறுத்த வேண்டும். அந்த வலி மாத்திரைகள் உறைவுத் தடுப்பு மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம் என்று நான் அஞ்சுகிறேன்.

பதில் 3:
ஸ்மார்ட் வாட்ச் எச்சரிக்கை மட்டும் வந்தவர்களுக்கும் ஒரு சொல்: அது நோய் நிர்ணயம் அல்ல. ஈசிஜியிலோ ஹோல்டர் பதிவிலோ (உடலில் மாட்டிக்கொண்டு தொடர்ந்து எடுக்கும் ஈசிஜி) உறுதியான பிறகே சிகிச்சை.