மறுமடல்: ‘அஃபர்மிங் தெரபி’க்கு எந்தச் சொல்?

> ‘ஏற்புச் சிகிச்சை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாக இருக்கிறது.

அன்புள்ள அம்மா,

எளிதுதான். ஒருவரின் பாலீர்ப்பையும் பாலினத்தையும் மாற்ற முயலாமல் அப்படியே மதித்துத் தரும் உளசிகிச்சையே ‘அஃபர்மிங் தெரபி’. ஆனால் மனநிலையையும் புலனுணர்வையும் மாற்றும் சைக்கடெலிக் மருந்துகளைப் பற்றிய நம் கையேட்டில் ‘ஏற்பு’ என்ற சொல் நிற்காது. சில காளான்களில் உள்ள சைலோசைபின் உடலில் சைலோசினாக மாறி, மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை வாங்கும் ஏற்பிகளைத் தூண்டுகிறது என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே ‘ஏற்புச் சிகிச்சை’ என்றால் ஏற்பிகளுக்குத்தான் சிகிச்சை என்று படிப்பவர் எண்ணுவார்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. ஏற்பவர் யார்? சிகிச்சையாளர். மறுக்கும் உரிமையும் அவரிடம் இருப்பதாக அச்சொல் ஒலிக்கிறது. இத்துறை அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்தியது என்று பாருங்கள். 1966இல், முன்பு ஹார்வர்டில் உளவியலாளராக இருந்த திமோத்தி லியரி, தன்பாலீர்ப்பைக் குணப்படுத்தும் மருந்து எல்எஸ்டி என்ற சைக்கடெலிக்தான் என்று பிளேபாய் இதழின் பேட்டியில் அறிவித்தார். ஹார்வர்டில் அவருடைய சகாவான ரிச்சர்ட் ஆல்பர்ட், பின்னாளில் ராம் தாஸ் என்ற பெயரில் ஆன்மிக ஆசிரியரானவர், ஆண்களிடம் ஈர்ப்புடையவர். அவரே இன்னொருவரின் ஈர்ப்பைப் பெண்கள் பக்கம் திருப்ப எல்எஸ்டியைப் பயன்படுத்தியதை 1969இல் கட்டுரையாக்கினார். மருந்தின் பிடியில் இருப்பவரிடம் எதைச் சொன்னாலும் அது ஆழத்தில் போய்த் தங்கிவிடக்கூடும். மருந்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

என் முன்மொழிவு: இயல்போம்பல். விருந்தோம்பலில் உள்ள அதே ஓம்பல். பேணுவதும் காப்பதும் அதற்குள்ளேயே இருப்பதால், ‘பாதுகாப்பான’ என்று தனியாக ஒட்டவேண்டியதில்லை. எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை மருந்து கொடுக்கும் முன்பே பேசி முடிப்பதும் இதில் அடங்கும். மயக்கத்தில் கிடைக்கும் சம்மதம் சம்மதமாகாது. எம்டிஎம்ஏ என்ற மருந்தைக் கொடுத்து உளசிகிச்சை தந்த ஆய்வுகளில் ஓர் ஆண், ஒரு பெண் என்று சிகிச்சையாளர்களை இணையாக அமர்த்தும் வழக்கம் இருந்தது. எதிரே படுத்திருக்கும் திருநருக்கு அந்த அம்மா, அப்பா ஏற்பாடு ஆறுதலா, பழைய வீட்டின் அச்சமா என்று அவரையே கேட்பதும் இயல்போம்பல்தான்.

---

ஐயா,

ஓம்பல் அருமை. ‘இயல்பு’தான் முதலில் உறுத்தியது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் இருந்த ‘இயற்கைக்கு மாறான’ என்ற தொடர் காதில் விழுந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கிவிட்ட பிறகு, அதற்கு நேர் எதிரான சொல்லை நாம் எடுத்துக்கொள்வதில் ஒரு குறும்பும் இருக்கிறது. எனவே என் வாக்கு இதற்கே. தமிழக அரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியலில் உள்ள ‘பால்புதுமையர்’ (குயர்) போன்றவற்றை அப்படியே வைத்துக்கொள்வோம். புதிதாக ஆக்கிக் குழப்பவேண்டாம்.

இன்னொன்று: ‘கன்வர்ஷன் தெரபி’யை வரைவில் ‘மாற்றுச் சிகிச்சை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அதைத் தடை செய்யச் சொன்னது என்ற வரியைப் படிப்பவர்கள், சித்த மருத்துவத்தையா என்று கேட்பார்கள். ‘பாலீர்ப்பையோ பாலினத்தையோ மாற்ற முயலும் சிகிச்சை’ என்று நீட்டியே எழுதிவிடலாம்.